மூக்குக்குள் ஒரு மரம்

நகராதே மேரி. அப்படியே நில். மூச்சை விடு, ஆனால் இழுக்காதே, உள்ளே வந்தது வந்தபடி கிடக்கட்டும். என்ன அது. இனிப்பு. இல்லை, இனிப்பு நாக்குக்கு. இது மூக்கின் மேல்கூரையில் யாரோ ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுத்த மாதிரி இருந்தது, ஒரு நொடி, அதற்குள் நடந்துகொண்டிருந்த கால் தானாக நின்றுவிட்டது. பின்னால் சைக்கிளில் வந்தவன் மணியடித்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனான். அவனிடம் ஸாரி சொல்லக்கூட வாயைத் திறக்கவில்லை, திறந்தால் அது வெளியே போய்விடும் என்று பயம். பைத்தியம், வாசனை வாய் வழியாகவா போகும். வாசனை. சொல்லிவிட்டேன். மனசுக்குள்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாக இந்தச் சொல்லைத் தொடாமல் சுற்றிப்போய்க்கொண்டிருக்கிறேன், நனைந்த தரையைச் சுற்றிப்போகிற மாதிரி. என் புருஷன் கிளாட்வின் குழம்பைக் கிண்டிக்கொண்டே ஏதாவது சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொள்வார், நானும் எதுவும் கேட்காத மாதிரி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருப்பேன், கண் மட்டும் எரியும், வெங்காயம் கண்ணுக்கு வரும், மூக்குக்கு வராது. இப்போது மறுபடி இழுக்கலாமா. இழுத்தால் ஒன்றுமில்லாமல் போனால். இழுக்காமல் நின்றால் எவ்வளவு நேரம் நிற்பது, மகள் ரூத்தைக் கூப்பிடப் போகவேண்டும், பகல்நேரக் காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளும் பையை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம். கடலுக்குப் போகிற இந்தத் தெருவில் தினமும் இந்த மரத்துக்கடியில்தான் நடக்கிறேன். தினமும் நடந்து, தினமும் ஒன்றுமில்லை.

மேலே பார்த்தேன். உயரமாக, ஒல்லியாக, அடுக்கடுக்காக, இலையெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி மினுங்கிக்கொண்டு நிற்கிறது. கிளை நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூ. இன்றைக்கு மலர்ந்தது பால் நிறம், நேற்றையது வெண்ணெய் நிறம், அதற்கு முந்தினது நன்றாக மஞ்சள், ஒரே கொத்தில் மூன்று வயசும். உதிர்ந்ததெல்லாம் நடைபாதையில் கிடந்து வழுக்கும், ரூத் குனிந்து குனிந்து பொறுக்கி என் ஜீன்ஸ் பையில் திணிப்பாள், துவைக்கிற மெஷினில் கருப்பு நூலாக வரும். இதற்கு இங்கே நேட்டிவ் ஃப்ராஞ்சிபானி என்று பெயர். காப்பகத்து டீச்சர் கெய்லிதான் சொன்னாள், இந்தக் கடற்கரைக் காடுகளிலேயே தானாக வளர்கிற மரமாம், நம் ஊர் சர்ச் வாசலில் நிற்கும் நிஜ ஃப்ராஞ்சிபானியான ஈழத்தலரிக்கும் இதற்கும் சொந்தமே கிடையாதாம், முதலில் பார்த்த வெள்ளைக்காரனுக்கு வாசனை அது மாதிரி இருந்ததால் அந்தப் பெயரை வைத்துவிட்டானாம். அவள் சொல்லும்போது நான் சிரித்து வைத்தேன். மூக்கால் பெயர் வாங்கிய மரத்துக்கடியில் மூக்கில்லாதவள் தினமும் போய் வருகிறேன், சிரிக்காமல் என்ன செய்வது. சிட்னியிலிருந்து இந்த ஊல்கூல்காவுக்கு நாங்கள் குடிவந்தபோது ரூத் வயிற்றில் நாலு மாசம். வந்து சாமான்களைப் பிரிக்கும் முன்பே காய்ச்சல். காய்ச்சல் போனது, கூடவே இதுவும் போனது. ஆகவே இந்த ஊரை நான் மோந்து பார்த்ததே இல்லை. தூத்துக்குடியில் பிறந்தவள் நான், கடல் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், காற்று திரும்பினால் மீன் காய்கிறதா உப்பு அள்ளுகிறார்களா என்றுகூடச் சொல்லுவேன். இங்கே கடல் சத்தம் மட்டும்தான் போடுகிறது. டிவியில் பார்க்கிற கடல்.

இழுத்தேன். இருக்கிறது. ஐயோ இருக்கிறது. தேன் மாதிரி, இல்லை, தேனடையைப் பிழிந்த கையைக் கழுவாமல் வைத்திருந்த மாதிரி, அதற்குள் லேசாகப் பிச்சிப்பூ, அதற்குள் இன்னும் ஏதோ ஒன்று, ஏலக்காயா, பேர் வர மாட்டேன் என்கிறது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. தாழ்ந்த கிளையை இழுத்துப் பிடித்து ஒரு கொத்துக்குள் முகத்தை அப்படியே புதைத்துக்கொண்டேன், மூக்கு நுனியில் ஈரம் ஒட்டியது, எறும்பு ஒன்று கன்னத்தில் ஏறியது, ஏறட்டும். இழுத்தேன், இழுத்தேன், அப்புறம் ஒன்றுமில்லை. சட்டென்று காற்றுதான். வெறும் காற்று, உள்ளே போய் வெளியே வருகிற காற்று. அவ்வளவுதானா. போய்விட்டதா.  எல்லாமே என் கற்பனைதானா. மூக்கு போனவர்களுக்கு இல்லாத வாசனை வருமாம், டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், மூளை தானாகக் கண்டுபிடித்துத் தருமாம். தந்தது. ரூத் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மத்தியானம் ரப்பர் எரிகிற வாடை, தொண்டை வரைக்கும் நிறைந்த வாடை. பிள்ளையைத் துண்டோடு தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவந்து தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டேன். பெரிய சிவப்பு வண்டி, மூன்று பேர், வீட்டை ஓரம் விடாமல் பார்த்தார்கள், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வாசலில். ஒன்றுமில்லை அம்மா, என்று ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். அந்த வாடை அப்போதும் என் மூக்கில் இருந்தது, அவர் பேசப் பேச இருந்தது. அன்றிலிருந்து என் மூக்கை நான் நம்புவதில்லை. இப்போது இந்த மரமும் அதே மாதிரி ஏமாற்றுகிறதோ. என் மூளைக்கு ஆசை வந்து, பூவைப் பார்த்துப் பார்த்து, அது தானாக ஒரு வாசனையைச் செய்து கொடுத்துவிட்டதோ. யாரையாவது கேட்கவேண்டும். உடனே கேட்கவேண்டும்.

மரத்துக்கு நேரே உள்ள வீட்டுக்காரர் புல் வெட்டுகிற மெஷினை வேலியோரம் சாய்த்து வைத்துவிட்டு அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, அரைக்கால் சட்டை. மொகிந்தர் என்று பெயர், வாழைத் தோட்டம் இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும், போகும்போது வரும்போது கையசைப்போம். வேலிக்குப் போனேன். எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் ஒன்று, வாசனைக்கு உள்ளது, அந்த நேரம் பார்த்துக் கைகொடுத்தது. மரத்தைக் காட்டி, "குஷ்பூ? குஷ்பூ ஹை?" என்றேன். அவர் நிமிர்ந்து என்னையும் மரத்தையும் பார்த்தார். "இங்கிலீஷ்லயே பேசும்மா, எங்க தாத்தா காலத்துலயே நாங்க இங்க வந்தாச்சு, எனக்கு இந்தி வராது," என்றார் ஆஸ்திரேலிய இங்கிலீஷில். அடக் கடவுளே. "இந்த மரம், இந்தப் பூ, வாசனை வருதா? உங்களுக்கு வருதா? இப்ப?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண் சுருங்கியது. "நீதானே அன்னைக்குத் தீயணைப்பு வண்டியக் கூப்பிட்ட பொண்ணு?" ஆமாம் என்றேன், ஆமாம் நான்தான், வெட்கப்பட நேரமில்லை, அப்புறம் பட்டுக்கொள்ளலாம். "எனக்கு மூக்கு போயிருச்சு. மூணு வருஷமா வாசனையே கிடையாது. இப்ப வந்த மாதிரி இருக்கு. நிஜமா, இல்ல என் மண்டைக்குள்ளயான்னு தெரியல. அதான் கேக்கேன்." அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு ஆயிரம் கும்பிடு. "இதுவா. என் பொண்டாட்டி இந்த மரம் பூத்து முடிக்கிற வரைக்கும் முன்பக்கத்து ஜன்னலைத் திறக்கவே விடமாட்டா. தலைவலி வருதாம். வெட்டச் சொல்லி முனிசிபாலிட்டிக்கு எழுதுங்கிறா, நான்தான் எழுதல. இன்னைக்கு ரொம்ப அதிகம், காத்து அடங்கியிருக்குல்ல," என்றார்.

இருக்கிறதாம். அதிகமாம். அப்படியென்றால் எனக்கு ஏன் நின்றுபோனது என்று கேட்டேன், பூவுக்குள் மூக்கை விட்டேன், நின்றுபோனது. "யாருக்கும் நின்னுதான் போகும். கொஞ்சம் தள்ளி வந்து மூச்சு விட்டுட்டு மறுபடி போ," என்றார், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. ஆமாம்தானே. இதை நான் மறந்தே போனேன். மீன் மார்க்கெட்டுக்குள் போனால் நாலு நிமிஷத்தில் மீன் வாடை தெரியாது, வீட்டுக்கு வந்த அத்தைதான் மூக்கைப் பிடிப்பாள். மூன்று வருஷத்தில் மூக்கு எப்படி வேலை செய்யும் என்பதே மறந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கமாக இரண்டடி வந்து நின்றேன், அவரிடம் நன்றி சொல்ல மூச்சை எடுத்தேன், அப்போதுதான் அது வந்தது. பூ இல்லை. குத்துகிற, எண்ணெயான, கூர்மையான ஒன்று. பெட்ரோல். அவர் மெஷினிலிருந்து, அவர் கையிலிருந்து, பெட்ரோல். கூடவே இன்னொன்று, புளித்துக் காரமாக, அவர் மத்தியானம் சாப்பிட்ட மாங்காய் ஊறுகாய். நான் கேட்காமலே, நான் ஆசைப்படாமலே. பூவுக்கு என் மூளை ஆசைப்பட்டிருக்கலாம், பெட்ரோலுக்கு எதற்கு ஆசைப்படும். ஊறுகாயை அதற்கு எப்படித் தெரியும். "இன்னைக்கு மாங்கா ஊறுகா சாப்பிட்டீங்களா?" அவர் விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு அந்தத் தாடிக்குள் சிரிப்பு மெதுவாக விரிந்தது. "ரெண்டு தடவ கை கழுவினேன்," என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அன்னிய மனிதர் முன்னால் ஊறுகாய்க்கு அழக்கூடாது.

போனை எடுத்துக் கூப்பிட்டேன். கிளாட்வின் புளூபெர்ரி பேக் பண்ணுகிற ஷெட்டில் இருப்பார், அவர் ஓட்டுகிற பெட்டி தூக்கும் வண்டி பின்னால் போகிற பீப் பீப் சத்தம்தான் முதலில் வந்தது. "சொல்லுட்டி." "ஏங்க, மணக்கு." "என்ன மணக்கு?" "பூங்க. புள்ளயக் கூப்பிடப் போற வழில ஒரு மரம் இருக்குல்லா, அது." பீப் பீப் நின்றது. வண்டியை நிறுத்திவிட்டார். "கருகுன வாடையா?" அவருக்கும் அந்தச் சிவப்பு வண்டி ஞாபகம் இருக்கத்தானே செய்யும். "இல்லங்க. பூவு. பெட்ரோல். ஊறுகா. அந்தத் தலப்பா கட்டுன அண்ணன்கிட்டயும் கேட்டுட்டேன், இருக்குன்னு சொல்லுதாரு."   இந்த மூன்று வருஷமும் இந்த மனுஷன்தான் எனக்கு மூக்கு. பாலை முகர்ந்து பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைப்பார், சோற்றை முகர்வார், பிள்ளையின் டயப்பரை முகர்ந்து ஆமாம் இல்லை என்பார். ராத்திரி வேலைக்குப் போகும் வாரங்களில் பால் பாட்டிலில் தேதியைப் பெரிதாக மார்க்கரில் எழுதி வைத்துவிட்டுப் போவார். "எங்க நின்னு பேசுத?" என்றார். "மரத்தடில." "புள்ளயக் கூட்டியாச்சா?" "இன்னும் இல்ல." "பெறவு அங்க எதுக்கு நிக்க? ஓடு. வந்தது திரும்பப் போறதுக்குள்ள ஓடு. போயி அவள மோந்து பாரு, மொதல்ல அதச் செய்யி, அதுக்குப் பெறவு எங்கிட்ட பேசு."

அதை அவர்தான் சொன்னார். நான் நினைக்காததா, நினைத்தேன், முதல் நொடியே நினைத்தேன், பூ மூக்கில் பட்ட அதே நொடியில் ரூத் என்றுதான் நினைத்தேன், ஆனால் பக்கத்தில் போகப் பயந்து பெட்ரோலையும் ஊறுகாயையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பிறந்த அன்றைக்கு அம்மா தூத்துக்குடியிலிருந்து போனில் கேட்டாள், "புள்ளய உச்சி மோந்து பாத்தியாட்டி? எப்படி மணக்கா?" நான் மோந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சின்ன உச்சியில், எலும்பு கூடாமல் துடிக்கிற அந்த மெத்தென்ற இடத்தில் மூக்கை வைத்திருந்தேன். சூடு தெரிந்தது. துடிப்பு தெரிந்தது. நல்லா மணக்காம்மா, என்றேன். அதற்கப்புறம் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தூங்க வைத்து, ஒவ்வொரு தடவையும் உச்சி மோந்தேன். ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டி உள்ளே ஆளில்லாத மாதிரி. கிளாட்வினைக் கேட்பேன், எப்படி இருக்கு, சொல்லுங்க. குழந்த வாசன, என்பார். அப்படின்னா. பால் வாசன. அப்புறம். யோசித்து யோசித்து ஒரு நாள், வெயில்ல காஞ்ச துணி மாதிரி, என்றார், இன்னொரு நாள், புது அரிசி மாதிரி. அவர் சொன்னதையெல்லாம் சேர்த்து நானே ஒரு வாசனையைக் கட்டி வைத்திருக்கிறேன், ரூத்தை அணைக்கும்போதெல்லாம் அதை எடுத்துப் போர்த்திக்கொள்வேன். சில நாள் அவர் அவள் தலையில் முகம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். புருஷன் மேல் பொறாமை, அதுவும் இதற்கு. யாரிடம் சொல்வது.

நடக்கிறேன். ஓட்டமும் நடையும். ஒன்று தோன்றிவிட்டது, மூக்கு இப்போதுதான் எழுந்திருக்கிறது, வழியெல்லாம் கண்டதையும் கொடுத்துக் களைத்துப்போக விட்டால் பிள்ளையிடம் போய்ச் சேரும்போது ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் மூக்கை விரலால் பொத்திக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எதிரே நாயோடு வந்த இரண்டு பெண்கள் தங்கள் நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, தேநீர்க்கடையைத் தாண்டி, பொரித்த உருளைக்கிழங்குக் கடையைத் தாண்டி. ஐயோ அது எப்படி மணக்கும், வேண்டாம், பொத்திக்கொள். வலப்பக்கம் தெருமுனையில் கடல் திறந்தது. அப்போது மட்டும் முடியவில்லை. விரலைக் கொஞ்சம் தளர்த்தினேன். உப்பு. பாசி. அழுகின ஏதோ ஒன்று. கடல்தான், நம்ம கடல்தான் இது, இத்தனை நாளும் இங்கேயே இப்படி நாற்றமடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாய், எனக்குச் சொல்லவேயில்லை நீ. போதும், பொத்து. கால் முந்தி ஓடுகிறது, செருப்பு வார் அறுந்துவிடும் போல இருக்கிறது. இன்றைக்கு ஒருவேளை ரூத்துக்கு ஷாம்பூ போட்டேனா, காலையில் என்ன தலைக்கு வைத்தேன், தேங்காய் எண்ணெய், அது இருக்கும், அதற்கடியில் அவள் இருப்பாளா. இரண்டரை வயசாகிவிட்டது, குழந்தை வாசனையெல்லாம் போயே போயிருக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வயசிலேயே அது போய்விடுமாம், அதை இனி யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது, சரி, வேண்டாம், இருக்கிறதைக் கொடு. இன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாளோ அதைக் கொடு. மாதாவே அதை மட்டும் கொடு.

காப்பகத்து வாசலில் கெய்லி கதவைத் திறந்துகொண்டே, "மூக்குல ரத்தமா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன், பேசினால் அழுதுவிடுவேன். ரூத் பையை மாட்டிக்கொண்டு மண்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள், அவள் ஓட்டம் எப்போதும் ஒரு பக்கமாகச் சாயும். நடைபாதையிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்தேன். வந்து மோதினாள். மூக்கிலிருந்து விரலை எடுத்தேன். தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் மூக்கை வைத்தேன், வைத்துக்கொண்டு ஒரு கணம் இழுக்காமலே இருந்தேன், கடைசியாக ஒரு தடவை அந்தப் பழைய ஒன்றுமில்லாமையை, சூட்டை மட்டும், துடிப்பு நின்று கெட்டியாகிவிட்ட எலும்பை மட்டும். பிறகு இழுத்தேன்.

இருந்தது. முதலில் வெயில் க்ரீம். அதற்கடியில் தேங்காய் எண்ணெய், புளித்த தயிர், ஈர மணல். இன்னும் அடியில் போனேன். வேர்வை, ஆனால் பெரியவர்கள் வேர்வை இல்லை, நாணயத்தைக் கையில் வைத்து நசுக்கின மாதிரி ஒரு உலோகம், அதனோடு ஈரமான நாய்க்குட்டி மாதிரி ஒன்று. புது அரிசி இல்லை. காய்ந்த துணி இல்லை. நான் கட்டி வைத்திருந்தது எதுவுமே இல்லை. யார் இது. உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது, அந்த ஒரு கணம், யார் பிள்ளை இது. கண்ணைக் கட்டிவிட்டு வரிசையாகப் பத்துப் பிள்ளைகளை நிறுத்தினால் நான் இவளை எடுத்திருக்க மாட்டேன்.  நான் பெற்றவள், நான் பால் கொடுத்தவள், என் மூக்குக்கு முன்பின் தெரியாதவள். தள்ளி வைத்து முகத்தைப் பார்த்தேன், ரூத்துதான், மேலுதட்டில் பால் காய்ந்த கோடு, இடது புருவத்தில் நான் நகம் வெட்ட மறந்த ஒரு நாள் அவளே கீறிக்கொண்ட தழும்பு. மறுபடி உச்சியில் வைத்தேன். மறுபடி அதே நாணயம், அதே நாய்க்குட்டி. இரண்டாவது தடவை அது கொஞ்சம் தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு தடவை பார்த்தவரை இரண்டாவது தடவை பார்க்கிற மாதிரி. மூன்றாவது தடவை வைத்தபோது ரூத் நெளிந்தாள். "என்னம்மா பண்ணுற?" "உன்ன மோந்து பாக்கேன்." "ஏன்?" "எப்படி மணக்கன்னு பாக்க." அவள் யோசித்தாள். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. உள்ளங்கையை நீட்டினாள். "இது?" மோந்தேன், மெழுகு க்ரேயான். "மெழுகு," என்றேன். "இது?" சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். சோப்பு, வேர்வை, அவள். "இது?" கழுத்து. அங்கே இன்னும் கொஞ்சம் பால் மாதிரி எதுவோ மடிப்பில் ஒளிந்துகொண்டிருந்தது, அல்லது நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேனோ, அதைப் பிறகு கிளாட்வினைக் கேட்கலாம், இல்லை, கேட்கவேண்டாம், நானே நாளைக்கு மறுபடி பார்த்துக்கொள்ளலாம். மற்ற அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். கெய்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரூத் நடைபாதையில் பொத்தென்று உட்கார்ந்து, ஷூவை இழுத்துக் கழற்றி, காலுறையையும் உருவி எறிந்துவிட்டு, நாளெல்லாம் ஷூவுக்குள் கிடந்து வெந்த இடது காலை என் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். "இது?"

குனிந்து மோந்தேன். நாறியது. என் மகளின் கால் நன்றாக நாறியது. "அடுத்த காலையும் கொடு," என்றேன்.